அரை அங்குலம் இறங்கிய அழகன்

என் மனைவிக்கு ஒரு காதலன் இருக்கிறான் என்பது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்கு எனக்குத் தெரிய வந்தது. அப்போது நான் பட்டன் தேடிக்கொண்டிருந்தேன்.

சட்டையில் மூன்றாவது பட்டன் அறுந்திருந்தது. மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். எங்கள் வீட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் பட்டனுக்கு வராது. தகர டப்பாவைக் கட்டிலில் கவிழ்த்தேன். இருநூறு பட்டன்களோடு, நாலாக மடித்த ஒரு பழுப்புக் காகிதமும் விழுந்தது. துணியை வெட்டுவதற்கு முன் அளவு வரைந்து பார்ப்பாளே, அந்தக் காகிதம். ஓரமெல்லாம் பல் பல்லாக வெட்டும் அவளுடைய கத்திரியால் நறுக்கியிருந்தது. உள்ளே பென்சிலில், அவள் கையெழுத்தில், ஒரு பாட்டு.

நூறு வார்த்தை நான் கொடுத்தேன் – அவன்
ஓரெழுத்தைத் திருப்பித் தந்தான்
கல்லென்று தெரிந்திருந்தும் – என்
கண்ணேனோ அங்கே போகுதடி

இடது தோள் அரை அங்குலம்
இறங்கி நிற்கும் அழகனடி
எதிரில் வந்து நின்றாலும் – என்னை
ஏறிட்டுப் பார்க்க மாட்டானடி

நான் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். பட்டன்கள் குத்தின.

நான் லிஃப்ட் மெக்கானிக். பதினெட்டு வருஷ அனுபவம். எந்த லிஃப்டாக இருந்தாலும் வெளியே நின்று காதைக் கொடுத்தால் போதும், அதற்கு எங்கே வலி என்று சொல்லிவிடுவேன். ஊரில் பெரிய பெரிய கட்டடங்களிலெல்லாம் என் காதைப் பற்றிப் பேசுவார்கள். அப்படிப்பட்ட காதில், இரண்டு வாரமாகத் தையல் மெஷின் ஓடும்போதெல்லாம் அவள் எதையோ முணுமுணுத்தது விழாமலா போயிற்று? விழுந்தது. மெஷினில் பெல்ட் தேய்ந்துவிட்டது என்று நினைத்து எண்ணெய் விட்டேன்.

அடுத்த அறையிலிருந்து அவள் குரல் வந்தது.

"என்னங்க, பட்டன் கெடச்சுதா?"

"ம்."

"எந்தச் சட்டைக்கு?"

"ம்."

"நான் தெச்சுத் தரட்டுமா, இல்ல அப்படியே போறீங்களா?"

"ம்."

"எதுக்கு ம்? தெக்கிறதுக்கா, போறதுக்கா?"

"ம்," என்றேன்.

அவள் வந்து வாசற்படியில் நின்று என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் காகிதத்தைத் தொடைக்கு அடியில் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நூறு வார்த்தை வாங்கிக்கொண்டு ஓரெழுத்தைத் திருப்பித் தருகிற அந்தக் கல்நெஞ்சப் பாவி யார்? என் புத்தி முழுக்க அதிலேயே இருந்தது.

எங்கள் எதிர்வீட்டுக்காரர் வக்கீல் குமாஸ்தா. முப்பது வருஷமாகப் பத்திரம் படிப்பவர். ஒரு வரியைக் கொடுத்தால் அதிலிருந்து நாலு அர்த்தம் எடுப்பார்; நாலும் ஒன்றுக்கொன்று சண்டை போடும். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் தள்ளிவிட்டுக்கொண்டு, அதை வீடெல்லாம் தேடுவது அவர் வழக்கம். அன்று மாலையே அவரை மாடிப்படி வளைவில் பிடித்து, குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னேன்.

"பாட்டா?" என்றார். "எதுல எழுதியிருக்கு?"

"பழுப்புக் காகிதத்துல."

குமாஸ்தாவின் முகம் வெளுத்துப் போயிற்று. சிநேகிதனின் கஷ்டத்துக்கு இப்படி வெளுக்கும் முகத்தை நான் பார்த்ததே இல்லை. என் கண் கலங்கிவிட்டது.

"குடுங்க," என்று வாங்கினார். நெற்றியிலிருந்த கண்ணாடியை நான்தான் இறக்கிவிட்டேன். மூன்று முறை படித்தார்.

"சார், முதல் வரி. 'நூறு வார்த்தை நான் கொடுத்தேன்.' உங்க வீட்டம்மா உங்ககிட்ட நூறு வார்த்தை பேசறாங்களா?"

"பேசுவான்னுதான் நெனைக்கறேன். நான் கவனிச்சதில்ல."

"அப்ப அதுக்கு ஆதாரம் இல்ல. விட்டுடுவோம். 'கல்லென்று தெரிந்திருந்தும்.' அதாவது தெரிஞ்சேதான் மாட்டியிருக்காங்க. ஏமாந்ததா சொல்ல முடியாது. அடுத்தது, 'அழகனடி.'" நிறுத்தினார். என்னைத் தலையிலிருந்து செருப்பு வரை ஒரு பார்வை பார்த்தார். "சார், நீங்க இந்த வழக்குலயே இல்ல."

விடுதலை ஆனவன் யாரும் என்னளவு அவமானப்பட்டிருக்க மாட்டான்.

"அது சரி குமாஸ்தா சார், ஒரு பொம்பள எதுக்கு இப்படிக் கல்லு மாதிரி ஒருத்தன் பின்னாடி போகணும்? சிரிச்சுப் பேசற ஆளா இருந்தாலாவது புரியும்."

"அங்கதான் சார் பயமே இருக்கு. சிரிச்சுப் பேசறவன் பத்து நாள்ல அலுத்துடுவான். பேசாதவன் அலுக்கவே மாட்டான். இன்னிக்குப் பேசுவானா, நாளைக்குப் பேசுவானான்னு மனசு அங்கயே நிக்கும். அவன் மனசுக்குள்ள ஏதோ பெரிய சமுத்திரம் இருக்கற மாதிரி இவங்களுக்குத் தோணும்."

"இருக்குமா?"

"எனக்குத் தெரிஞ்சு, பேசாதவன் மனசுக்குள்ள ஒண்ணுமே இருக்காது. ஆனா அத அவங்ககிட்ட யாரு சொல்றது?"

"ஒருநாள் அவன் வாயைத் தொறந்துட்டான்னா?"

குமாஸ்தா காகிதத்தை மடித்தார். "முடிஞ்சுது," என்றார்.

பதினாறு வருஷம் கூட வாழ்ந்திருக்கிறோம். அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தேன். மெஷின் சத்தம் இல்லாத வீடு. அந்தச் சத்தத்தில்தான் நான் தினமும் சாப்பிட்டேன், செய்தி படித்தேன், தூங்கினேன். சத்தம் நின்ற லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவனின் முகம் எனக்கு நன்றாகத் தெரியும். நான் எத்தனையோ பேரைக் கதவைப் பிளந்து வெளியே எடுத்திருக்கிறேன். என்னை எடுக்க யார் வருவார்கள்?

கைவசம் இருந்த அடையாளம் ஒன்றே ஒன்று. இடது தோள், அரை அங்குலம். கண்ணால் பார்த்து அரை அங்குலத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் என்னிடம் ரசமட்டம் இருந்தது. கண்ணாடிக் குழலுக்குள் ஒரு குமிழ். மட்டம் சரியாக இருந்தால் நடுவில் நிற்கும், சாய்ந்திருந்தால் மேடான பக்கம் ஓடும். லிஃப்ட் நேராக நிற்கிறதா என்று பார்க்கிற கருவி. எங்கள் குடியிருப்பின் லிஃப்டும் என் பொறுப்பில்தான் இருந்தது. புதன்கிழமை காலை "பராமரிப்பு" என்று ஒரு பலகையை மாட்டிவிட்டு உள்ளே நின்றுகொண்டேன்.

முதலில் ஏறியவர் நாலாவது மாடிப் பல் டாக்டர். நல்ல உயரம், நல்ல நிறம், நல்ல பல். பாட்டெழுதத் தகுந்த ஆள். கதவு மூடியதும் அவர் தோளில் ரசமட்டத்தை வைத்தேன்.

"என்ன பண்றீங்க?"

"லிஃப்ட் சாயுதான்னு பாக்கறேன், டாக்டர்."

"அதுக்கு என் தோள் எதுக்கு?"

"ம்," என்றேன். குமிழ் இடது பக்கம் ஓடியது. அப்படியென்றால் அவருக்கு வலது தோள்தான் இறங்கியிருக்கிறது. நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் ஒரு பக்கமாகக் குனிந்தால் அப்படித்தான் ஆகும். எனக்குப் போன உயிர் வந்தது.

டாக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நீங்க ரொம்பப் பேச மாட்டீங்களோ?"

"ம்."

அவர் திடுக்கிட்டு லிஃப்டின் மூலைக்குப் போய்விட்டார். அங்கிருந்தே என் முகத்தையும், கழுத்தையும், காதையும் உற்று உற்றுப் பார்த்தார். தரைத்தளம் வந்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல் ஓடினார்.

அடுத்து ஆறாவது மாடி இன்சூரன்ஸ்காரர். அவருக்கு ரசமட்டமே தேவைப்படவில்லை. ஓரெழுத்தோடு நிறுத்துவது அவர் பிறவியிலேயே கிடையாது. கீழே இறங்குவதற்குள் எனக்கு எத்தனை விதமான சாவு வரலாம் என்று பதினோரு வகை சொன்னார். அப்போது நான் இருந்த நிலைமையில் ஒன்பது வகை எனக்குப் பொருத்தமாகத்தான் பட்டது.

மூன்று நாளில் பத்தொன்பது தோள். எல்லாம் மட்டமாகவோ வலது பக்கம் இறங்கியோ இருந்தன. என் மனைவியின் காதலன் மட்டும் லிஃப்டில் ஏறவே இல்லை. படியேறுகிறான் போல. கல்நெஞ்சம் மட்டுமல்ல, நல்ல முழங்காலும் உள்ளவன் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பட்டன் டப்பாவை மறுபடி திறந்தேன். இன்னொரு காகிதம்.

மூட்டை கட்டி வைத்துவிட்டேன்
முடிவு செய்ய வேணுமடி
மாதம் இது முடியும் முன்னே
வாசல் தாண்டிப் போவேனடி

திரும்பிப் பார்த்தேன். பரணில் இருந்த பச்சைப் பெட்டி கீழே இறங்கி, தூசி தட்டி, கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. மாதம் முடிய எட்டு நாள்.

கால் தன்னால் எதிர்வீட்டுக்கு ஓடியது.

"பெட்டி எறங்கிடுச்சு குமாஸ்தா சார்!"

"உங்க வீட்டுலயுமா?" என்றவர், சட்டென்று இருமி, "அதாவது, அப்படியா?" என்றார். "தோள் விஷயம் என்னாச்சு? ஒழுங்காத்தான் அளந்தீங்களா? எப்படி வெச்சீங்கன்னு காட்டுங்க."

ரசமட்டத்தை வாங்கி, என் தோள்மேல் வைத்துப் பார்த்தார். குமிழ் வலது பக்கம் ஓடி முட்டிக்கொண்டு நின்றது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

"தோள்ல இருக்கற கருவிப் பையைக் கழட்டுங்க சார். அந்தக் கனத்துல சாயுது."

"பையை வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன்."

பதினெட்டு வருஷமாக அந்தப் பையை மாட்டுகிற இடது தோள். பையை இறக்கி வைத்த பிறகும் இறங்கியேதான் இருந்தது. குமாஸ்தா ஒரு அளவுகோலை எடுத்து வந்தார். அரை அங்குலம். நூல் பிசகவில்லை.

"ஆனா அழகன்னு எழுதியிருக்கே," என்றார் குமாஸ்தா, ரொம்ப வருத்தத்தோடு.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து என் சட்டைகளை ஒவ்வொன்றாக உள்புறம் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் அவள் தைத்தவை. ஒவ்வொன்றிலும் இடது தோளுக்கு உள்ளே, யார் கண்ணுக்கும் தெரியாமல், மெல்லிசாக ஒரு துணிப்பட்டை வைத்துத் தைத்திருந்தாள். போட்டுக்கொண்டால் தோள் நேராகத் தெரியும். பதினாறு வருஷச் சட்டைகளிலும் இருந்தது. ஒருநாளும் சொல்லவில்லை. அல்லது சொல்லியிருப்பாள், நான் "ம்" என்றிருப்பேன்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கூடவே முன்னைவிட நூறு மடங்கு பயமும் வந்தது. காதலன் ஒருவன் இருந்தாலாவது அவனோடு மல்லுக்கு நிற்கலாம். கல்லே நான்தான் என்றால் யாரோடு நிற்பது? என்னைப் பார்த்துப் பார்த்து அலுத்துத்தான் பெட்டி கட்டியிருக்கிறாள். இனி எட்டே நாள்.

உடனே திருந்துவது என்று முடிவு செய்தேன். தையல் அறைக்குள் போய் வாயைத் திறந்தேன்.

"இன்னிக்கு... எப்படிப் போச்சு?"

மெஷின் நின்றது. "ம்?"

"இல்ல, இன்னிக்கு. உனக்கு. எப்படிப் போச்சுன்னு."

"ம்," என்று மறுபடி மெஷினை ஓட்டினாள்.

"எனக்கு ஒரு வேடிக்கை நடந்துது. ஒரு கட்டடத்துல லிஃப்டு மூணாவது மாடியில நிக்கவே மாட்டேங்குது. என்னன்னு பாத்தா, உள்ள ஒரு சீப்பு மாட்டியிருக்கு. சீப்பு!"

"ம்."

"நல்லாருக்குல்ல?"

"ம்."

"அந்தப் பெட்டி எதுக்கு எறக்கி வெச்சிருக்கே?"

"ம்."

எனக்கு வியர்த்துவிட்டது. ஓரெழுத்து இவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பதினாறு வருஷமாக இதைத்தான் அவள் தலையில் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்த ஏழு நாள் நான் செய்ததை என் எதிரிகூடச் செய்யக் கூடாது. வீடு பெருக்கினேன். பாத்திரம் தேய்த்தேன். சமைத்தேன், அடி பிடித்தது, அதையும் நானே சுரண்டினேன். ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். நடுநடுவே விடாமல் பேசினேன். பேச விஷயம் தீர்ந்தபோது லிஃப்டின் உதிரிப் பாகங்களை வரிசையாகச் சொன்னேன். அவள் கண்ணைப் பார்த்துப் பேசவேண்டும் என்று ஊசியில் நூல் கோக்கிற நேரத்தில் குறுக்கே போய் நின்றேன். புதன்கிழமை அவள் முதல்முறையாக ஒரு முழு வாக்கியம் பேசினாள்.

"துணியை நல்லா உதறிக் காயப்போடுங்க. சுருங்கிக் கெடக்கு பாருங்க."

காதல் வசனம் கேட்டவன்போல ஆகிவிட்டேன். அன்று துணிகளை நான் உதறிய உதறலில் இரண்டு தலையணை உறை கிழிந்தது.

பெட்டி மட்டும் கதவோரத்தில் அப்படியே நின்றது. நாளுக்கு நாள் அது கனத்துக்கொண்டே வந்தது. தினமும் அவள் குளிக்கப் போகும்போது தூக்கிப் பார்ப்பேன். வியாழக்கிழமை ஒரு கையால் தூக்க முடியவில்லை.

சனிக்கிழமை வந்தது. மாதத்தின் கடைசி நாள். காலையிலேயே துணி வாளியை என் கையில் கொடுத்து, "மொட்டை மாடில போட்டுட்டு வந்துடுங்க," என்றாள். நான் படியேறினேன். வருவதற்குள் போய்விடுவாளோ?

மேலே கதவைத் தள்ளினால், பல் டாக்டர் ஒரு போர்வையை உதறிக்கொண்டிருந்தார். இன்சூரன்ஸ்காரர் வாயில் துணி கிளிப்பைக் கவ்விக்கொண்டு முதல்முறையாகப் பேசாமல் நின்றார். குமாஸ்தா நெற்றியில் கண்ணாடியோடு ஒரு பாவாடையின் மேல்பக்கம் எது, கீழ்ப்பக்கம் எது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். எல்லோர் கையும் சோப்பில் ஊறி வெளுத்திருந்தது.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. டாக்டர்தான் முதலில் வாய் திறந்தார்.

"உங்களுக்குமா?"

சட்டைப் பையில் கை விட்டார். பழுப்புக் காகிதம். ஓரமெல்லாம் பல் பல்லாக. எல்லோர் பையிலிருந்தும் ஒவ்வொன்று வந்தது. குமாஸ்தாவுடையது ரொம்ப மடித்து மடித்துக் கந்தலாகியிருந்தது.

"நூறு வார்த்தை நான் கொடுத்தேன்," என்று படித்தார் டாக்டர். "வலது தோள் கால் அங்குலம் இறங்கி நிற்கும் அழகனடி. நான் உங்களைத்தான் சார் சந்தேகப்பட்டேன். ம், ம்னு சொன்னீங்களே!"

"கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்த அழகனடி," என்றார் குமாஸ்தா ஈனஸ்வரத்தில். "எங்க ஆபீஸ்ல மூணு பேரு அப்படி வெச்சுக்குவாங்க. நான் அவங்களத்தான்..."

இன்சூரன்ஸ்காரர் கிளிப்பை எடுத்தார். "எனக்கு மட்டும் தலைகீழா இருக்கு. 'ஓரெழுத்து நான் கொடுத்தேன், அவன் நூறு வார்த்தை திருப்பித் தந்தான். காதில் ஏதும் வாங்காமல் பேசி நிற்கும் அழகனடி.' யாருன்னே புரியல சார்."

நான் வாளியைப் போட்டுவிட்டுக் கீழே ஓடினேன். அவள் போகவில்லை. கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"எல்லார் வீட்டுலயும் உன் காகிதமா?"

"ஆமா. மேல பாத்துட்டீங்களா?" என்றாள், கொஞ்சமும் பதறாமல். "அக்காமாருங்க எல்லாம் ஜாக்கெட் அளவு குடுக்க வருவாங்க இல்ல, பேச்சு வந்துது. எல்லார் வீட்டுலயும் ஒரே கதை. ஆளாளுக்குத் தனித்தனியா எழுத எனக்கு நேரம் ஏது? ஒரே வெட்டா வெட்டி, அளவ மட்டும் மாத்திக் குடுத்தேன், அவங்கவங்க கையால எழுதிக்கிட்டாங்க. எல்லாருக்கும் கச்சிதமா உக்காந்துடுச்சு."

"அப்ப பெட்டி?"

"மூணு நாள் நாங்க நாலு பேரும் கடலப் பாத்துட்டு வர்றோம். ஆறு மாசம் முன்னாடியே கேட்டேன். ம்னு சொன்னீங்க." பெட்டியின் பிடியைத் தூக்கினாள். "நாங்க இல்லாதப்ப நீங்கல்லாம் என்ன பண்ணுவீங்கன்னு பயமா இருந்துது. அதான் பெருக்க, சமைக்க, துவைக்கப் பழக்கிட்டோம். இனிமே பயமில்ல."

வெளியே மூன்று பெண்கள் பெட்டிகளோடு லிஃப்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். அவள் உள்ளே போய் நின்றாள். எனக்கு மானம், ரோஷம் எதுவும் அப்போது பெரிதாகப் படவில்லை. ஒரே ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். பத்து நாளாக என்னைத் தின்ற விஷயம்.

"ஒரு நிமிஷம்! அந்தப் பாட்டுல, 'கண்ணேனோ அங்கே போகுதடி'ன்னு ஒரு வரி வருதே. அது எல்லாருக்கும் சேர்த்து எழுதினதா? இல்ல, எனக்குன்னு எழுதினதா?"

கதவு மூடத் தொடங்கியது. நான் எண்ணெய் விட்ட கதவு. சத்தமே இல்லாமல் மூடும். அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"ம்," என்றாள்.

அதற்கு என்ன அர்த்தம் என்று இன்று மூன்றாவது நாளாக நானும் குமாஸ்தாவும் பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஆராய்ந்து வருகிறோம்.